ம்சூசுவில் என்னோடு இரண்டு வருடம் இருந்த குக்கர்

வெளிநாட்டுக்குத் தன்னார்வலராகப் போகிற பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "சிஸ்டர், பெட்டியில என்ன எடுத்துட்டுப் போகணும்?" என்பதைத்தான். மருந்து, டார்ச், செருப்பு என்று ஒவ்வொருவரும் ஒன்று சொல்வார்கள். நான் சொல்வது ஒரு குக்கர். ஹாக்கின்ஸ் கிளாசிக், ஐந்து லிட்டர், அலுமினியம், மூடி உள்ளே போய்ப் பொருந்துகிற வகை. மார்த்தாண்டத்தில் பாத்திரக்கடையில் இரண்டாயிரத்தை ஒட்டிய விலையில் வாங்கினேன். இரண்டு வருடம் ஆப்பிரிக்க நாடான மலாவியில் அதில்தான் சமைத்தேன். அந்த இரண்டு வருடத்தை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு ஊர் குழித்துறை. களியக்காவிளை தாண்டினால் கேரளா. மத்தியானம் சம்பா அரிசிக் கஞ்சியும் பயறும், சாயங்காலம் மரச்சீனிக்கிழங்கும் (மரவள்ளி) காந்தாரி மிளகாய்ச் சம்மந்தித் துவையலும் என்று வளர்ந்தவள் நான். இருபத்தாறு வருடம் நர்ஸ் வேலை, அதில் பாதி நர்சிங் மாணவிகளுக்குப் பாடம் எடுத்தேன். 2022 பிப்ரவரியில் ஒரு தன்னார்வ அமைப்பு மூலம் மலாவியின் வடக்கே ம்சூசு நகரத்து நர்சிங் கல்லூரி ஒன்றில் பயிற்றுநராகப் போனேன். சம்பளம் கிடையாது. வீடும், மாதாமாதம் உள்ளூர் குவாச்சா நாணயத்தில் ஜீவனப்படியும் தருவார்கள். அந்தப் படியில் உள்ளூர் டீச்சரைப் போல வாழலாம். அதற்கு மேல் எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு மனவருத்தம்தான் மிஞ்சும்.

குக்கரை வாங்கச் சொன்னது அம்மா. கேஸ்கெட்டும் சேஃப்டி வால்வும் கூடுதலாக வாங்கச் சொன்னதும் அம்மாதான். "வாங்கி வச்சுக்க மக்களே, அங்க போய் யார்ட்ட கேப்ப?" என்றார். இரண்டு கேஸ்கெட்டும் ஒரு வால்வும் வாங்கினேன். கேஸ்கெட் இன்னும் கூடுதலாக வாங்கியிருக்க வேண்டும், அது பின்னால் தெரிந்தது.

இருபத்து மூன்று கிலோ பெட்டியில் குக்கர் இரண்டு கிலோவைத் தின்றுவிடும் என்று தம்பி சொன்னான். ஆனால் அது காலிப் பாத்திரமாகப் போகவில்லை. மல்லித்தூள், மஞ்சள்தூள், கடுகு, கறிவேப்பிலைப் பொடி, கேஸ்கெட் எல்லாவற்றையும் அதற்குள்ளேயே அடைத்து, விசில் அடிக்கிற வெயிட்டை ஒரு சாக்ஸில் சுற்றி வைத்தேன். ஒரு விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். அந்த வெயிட்டை மேலும் கீழும் பார்த்தார்கள். குக்கரை வெளியே எடுத்து மூடி போட்டுக் காட்டியதும் விட்டுவிட்டார்கள். அதனால் வெயிட்டைக் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியிலேயே வைத்துவிடுங்கள்.

நான் போய் இறங்குவதற்கு ஒரு மாதம் முன்புதான் அனா புயல் மலாவியின் தெற்கே கப்பிச்சிரா நீர்மின் நிலையத்தை உடைத்திருந்தது. நாட்டு மின்சாரத்தில் கிட்டத்தட்ட முப்பது சதவீதம் ஒரே அடியில் போனது. எந்த நேரத்தில் கரண்ட் வரும், எப்போது போகும் என்று நிச்சயம் இல்லை. எனக்கு முன்பு இருந்த தன்னார்வலர் ஒரு மின்சார அடுப்பை விட்டுப் போயிருந்தார். அது பெரும்பாலும் சும்மாவே கிடந்தது. அந்த ஊரில் எல்லார் வீட்டிலும் இருப்பது ம்பாவுலா என்கிற தகரக் கரியடுப்பு. நானும் ஒன்று வாங்கினேன். ஊரிலிருந்து மின்சார ரைஸ் குக்கர் கொண்டுபோக நினைப்பவர்கள் இதை யோசியுங்கள். அங்கே பிளக் மூன்று தடித்த முனையுள்ள பிரிட்டிஷ் மாதிரி, நம் ஊர் பிளக் நுழையாது. கரண்ட் இல்லையென்றால் பிளக் நுழைந்தும் பயனில்லை.

கரியடுப்பில் அங்கே தினமும் வேகிற பொருள் சிவப்பு பீன்ஸ், ஞெம்பா என்பார்கள். வெள்ளை மக்காச்சோள மாவுக் களியான ந்சிமாவும் அதுவும்தான் சாப்பாடு. திறந்த பானையில் அந்த பீன்ஸ் வேக இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ம்சூசு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1250 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 96 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். அதனால் வேக இன்னும் நேரம் ஆகும், கரி இன்னும் போகும். குக்கருக்குள் அழுத்தம் ஏறினால் 120 டிகிரிக்குப் பக்கத்தில் போகும். ராத்திரி ஊறப்போட்ட பீன்ஸ் இருபத்தைந்து நிமிடத்தில் பஞ்சாக வெந்தது. சரியாக வேகாத சிவப்பு பீன்ஸில் வயிற்றைப் புரட்டுகிற நச்சு இருக்கும் என்பது நர்சாக எனக்குத் தெரியும். குக்கரில் அந்தக் கவலையும் இல்லை.

கரியடுப்பில் குக்கர் வைப்பதில் ஒரு கைப்பழக்கம் வேண்டும். கேஸ் அடுப்பில் திருகைக் குறைப்பதுபோல் கரியைக் குறைக்க முடியாது. முதல் விசில் வந்ததும் இடுக்கியால் கரித்துண்டு பாதியை எடுத்து ஓரமாக வைத்துவிடுவேன். அப்புறம் அது அமைதியாக வேகும். அடியில் கரி பிடிக்காமல் இருக்க அம்மா விறகடுப்புப் பாத்திரத்துக்குச் செய்வது போலவே சாம்பலைக் குழைத்துப் பூசினேன். தேய்க்கும்போது சுலபமாகப் போய்விடும். நேரடி விறகுத் தீயில் மட்டும் வைக்காதீர்கள், பேக்கலைட் கைப்பிடி அதைத் தாங்காது.

உள்ளே பொருந்துகிற மூடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அழுத்தம் இருக்கும்வரை மூடி தானாகவே உள்ளிருந்து இறுகி நிற்கும். அவசரத்தில் இழுத்தாலும் திறக்காது. என் வீட்டுச் சமையலறைக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நான்கு பேர் எப்போதும் வந்து போவார்கள். ஆகவே இந்த ஒரு விஷயத்துக்காகவே நான் இந்த வகையைத் தேர்ந்தெடுப்பேன்.

முதல் தடவை விசில் அடித்தபோது அந்தப் பிள்ளைகள் முற்றத்தைத் தாண்டி ஓடிவிட்டார்கள். அவர்களுடைய அம்மா ஆரம்பப் பள்ளி ஆசிரியை. வாசலிலேயே நின்று, "சிஸ்டர், அது வெடிக்குமா?" என்று கேட்டார். உள்ளே கூப்பிட்டு, வெயிட் எதற்கு, வால்வு எதற்கு என்று காட்டினேன். வெந்த பீன்ஸில் ஒரு கிண்ணம் கொடுத்தேன். விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டு, எவ்வளவு நேரம் என்று இரண்டு முறை கேட்டார். மறுநாள் ஊறப்போட்ட பீன்ஸ் பாத்திரத்தோடு வந்தார். அதிலிருந்து வாரத்தில் மூன்று நாள் இரண்டு வீட்டுப் பீன்ஸும் ஒன்றாகவே வெந்தது. கரி ஒரு வாரம் என் வீட்டிலிருந்து, அடுத்த வாரம் அவர் வீட்டிலிருந்து. ஒரு ஆளுக்கு மூன்று லிட்டர் போதும் என்று கடையில் சொன்னார்கள். தனியாகப் போகிறவர்களும் ஐந்து லிட்டரே வாங்குங்கள் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். அங்கே யாரும் தனியாகச் சாப்பிடுவதில்லை.

2022 மே மாதம் குவாச்சாவின் மதிப்பை இருபத்தைந்து சதவீதம் குறைத்தார்கள். என் படி அதே எண்ணாகவே இருந்தது. எண்ணெய், சோப்பு, கரி எல்லாம் ஏறின. மாதம் முதல் வாரத்தில் கரி மூட்டை வாங்கி வைத்துவிட்டு மீதியை எண்ணுகிற பழக்கம் அப்போதுதான் வந்தது. பக்கத்து வீட்டு டீச்சருக்கும் அதே கணக்குதான். குக்கர் வந்த பிறகு அவர் வீட்டில் கரி மூட்டை முன்பைவிட நாள் கூடுதலாக நின்றது என்று சொன்னார். அது எனக்கு மிகப் பெரிய சந்தோஷமாக இருந்தது. கல்லூரியில் நான் செய்த வேலையைப் பற்றி யார் பாராட்டியபோதும் அவ்வளவு சந்தோஷம் வரவில்லை.

கல்லூரியிலும் இந்தக் குக்கருக்கு வேலை வந்தது. அழுத்த நீராவியில் மருத்துவக் கருவிகளின் கிருமியைக் கொல்லுகிற ஆட்டோகிளேவ் பற்றிப் பாடம் எடுக்கும்போது மாணவிகள் 121 டிகிரி, பொதியாத கருவிக்கு 20 நிமிடம், துணியில் பொதிந்ததற்கு 30 நிமிடம் என்று மனப்பாடமாகச் சொல்லிவிடுவார்கள். ஏன் அந்த எண் என்று கேட்டால் அமைதி. ஒருநாள் குக்கரைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். ஒரு ம்பாவுலாவையும் வெளியே வராந்தாவில் வைத்தோம். வெயிட் போடாமல் முதலில் ஆவியை நன்றாகப் போகவிட்டு, உள்ளே இருக்கிற காற்று வெளியேறினால்தான் ஆவி எல்லா இடத்தையும் தொடும் என்று காட்டினேன். அப்புறம் வெயிட். அழுத்தம் ஏறிய பிறகுதான் நேரத்தை எண்ணத் தொடங்க வேண்டும் என்பது அன்றைக்கு அவர்களுக்குப் புரிந்தது. கிராமத்துச் சுகாதார நிலையத்தில் கரண்ட் இல்லாத நாளில் அடுப்பில் வைக்கிற ஆட்டோகிளேவை நாளைக்கு அவர்கள்தான் கையாளப் போகிறார்கள். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன்: சமையல் குக்கரில் மருத்துவக் கருவி எதையும் போடக் கூடாது. அது விளக்குவதற்கு மட்டும்.

அந்த வருடம் தொடங்கிய காலரா, மலாவியின் வரலாற்றிலேயே மோசமானது. 1700 பேருக்கு மேல் இறந்தார்கள். மாணவிகளை வார்டுக்கு அனுப்பிவிட்டு நான் வீட்டில் நிம்மதியாகத் தூங்கிய ராத்திரிகள் குறைவு. அப்போது குடிதண்ணீர் காய்ச்சவும் குக்கரை மூடி இல்லாமல் வெறும் பானையாகப் பயன்படுத்தினேன். குடிக்கிற தண்ணீர் கொப்பளித்து ஒரு நிமிடம் கொதித்தால் போதும், அந்த உயரத்துக்கு அது சரி. இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் இருப்பவர்கள் மூன்று நிமிடம் விடுங்கள்.

குக்கரில் செய்யக் கூடாத ஒன்று மரச்சீனி. ம்சூசுவிலிருந்து மலை இறங்கி மலாவி ஏரிக்கரையிலுள்ள ந்காட்டா பே என்ற ஊருக்குப் போனால் எங்கு பார்த்தாலும் மரச்சீனித் தோட்டம். முதல் தடவை பார்த்தபோது அருமனைப் பக்கம் வந்துவிட்டது போல இருந்தது, பஸ்ஸிலேயே கண் கலங்கிவிட்டது. அங்கே கசப்பு மரச்சீனியை நாள்கணக்கில் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்து மாவாக்கிக் கொண்டோவோலே என்கிற களி கிண்டுகிறார்கள். நம் ஊரிலும் கிழங்கைத் திறந்த பாத்திரத்தில் வேகவைத்து முதல் தண்ணீரைக் கொட்டுவோம். இரண்டு ஊரிலும் பெண்கள் கண்டுபிடித்து வைத்த காரணம் ஒன்றுதான்: கிழங்கில் இருக்கிற சயனைடு வெளியே போக வேண்டும். மூடி போட்டு அழுத்தத்தில் அடைத்து, அந்தத் தண்ணீரோடேயே சாப்பிடுவது தவறு. எவ்வளவு அவசரமானாலும் கிழங்குக்குத் திறந்த பானைதான்.

ஏரிக்கரையில் பலகைப் பரணில் காயவைத்த உசிபா மீன் கிடைக்கும். பார்த்தால் அப்படியே நம் நெத்தோலிக் கருவாடு. ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்து வந்து குக்கரில் கஞ்சியும் பயறும் வைத்து, உசிபாவை மிளகாயோடு வறுப்பேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் விசிலை எண்ணிக்கொண்டு தட்டோடு நிற்பார்கள். "யெவோ, சிஸ்டர்" என்று நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு போவார்கள்.

குறை என்று சொன்னால் ஒன்றுதான், அது குக்கரின் குறையும் அல்ல. கேஸ்கெட் ரப்பர், தேய்கிற பொருள். கரியடுப்புச் சூட்டில் எனக்கு ஏழெட்டு மாதத்துக்கு ஒன்று வீதம் தளர்ந்தது. இரண்டாம் வருடம் கைவசம் இருந்ததெல்லாம் தீர்ந்தது. அங்கே ஒரு கடையில் அளவு பார்க்காமல் கொடுத்த கேஸ்கெட்டை நம்பி வாங்கினேன். ஆவி சுற்றிலும் கசிந்தது, விசிலே வரவில்லை. மூன்று வாரம் மறுபடி திறந்த பானை, மறுபடி இரண்டு மணி நேரம். ஊரிலிருந்து வந்த ஒரு டாக்டர் சரியான கேஸ்கெட் கொண்டுவந்த நாளில் டீச்சரும் நானும் இரண்டு வீட்டு பீன்ஸையும் சேர்த்து வேகவைத்தோம். அதனால் ஒரு வருடத்துக்கு இரண்டு என்று கணக்குப் போட்டு, அதே கம்பெனி, அதே அளவு கேஸ்கெட் கொண்டுபோங்கள். கழுவியதும் துடைத்து, மூடியிலிருந்து கழற்றித் தனியாக வைத்தால் கூடுதல் காலம் வரும்.

2024 பிப்ரவரியில் திரும்பும்போது குக்கரை டீச்சர் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தேன். மார்த்தாண்டத்தில் அதே கடையில் அதே ஐந்து லிட்டரை மறுபடி வாங்கினேன். போன வாரம் டீச்சரிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. பேச்சுக்குப் பின்னால் விசில் கேட்கிறது, பிள்ளைகள் எண்ணுகிறார்கள். கேஸ்கெட் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது என்றார். அடுத்த மாதம் திருவட்டாறிலிருந்து ஒரு பிள்ளை அதே கல்லூரிக்குப் போகிறாள். அவளுடைய பெட்டியில் நான்கு கேஸ்கெட் வைத்திருக்கிறேன், இரண்டு அவளுக்கு, இரண்டு டீச்சருக்கு.