200 கிராம் பாக்கெட் தராசு: பவுனுக்கும் பலத்துக்கும் ஒத்து வருமா?

கைக்கடக்கமான டிஜிட்டல் தராசு. 200 கிராம் வரை தாங்கும், 0.01 கிராம் வரை காட்டும். ஏழெட்டுப் பெயர்களில் விற்றாலும் உள்ளே பெரும்பாலும் ஒரே சரக்குதான். கிராமில் எடை பார்க்க, கொடுத்த காசுக்கு மோசமில்லை. வில்லங்கம் ஆரம்பிப்பது எடை அலகை மாற்றும் 'மோட்' பொத்தானை அமுக்கிய பிறகு.

பவுன் இதில் கிடையாது, அதனால் நஷ்டமும் இல்லை. நகைக்கடைக் கணக்கில் பவுன் 8 கிராம், 23.40 கிராம் வளையல் 2 பவுன் 7.40 கிராம், அவ்வளவுதான். அசல் சவரன் காசு மட்டும் 7.99 காட்டும். அதன் எடையே 7.988 கிராம்தான், தராசைக் குறை சொல்ல வேண்டாம்.

ஆளைக் கவிழ்ப்பது 'டி.எல்.' (tl) என்ற அலகு. நம் ஆட்கள் தோலா என்று நினைத்துவிடுகிறார்கள். பல மாடல்களில் அது ஹாங்காங்கின் எடையளவான டேயல், 37.43 கிராம். தோலாவோ 11.66 கிராம். அதே வளையல் 2 தோலாவுக்கு ஒரு நூல் கூடுதல்; திரையிலோ 0.625! வாங்கியதும் 100 கிராம் எடைக்கல்லை வைத்து அலகை மாற்றிப் பாருங்கள். 8.57 வந்தால் தோலா, 2.67 வந்தால் டேயல். அவுன்சிலும் இரண்டு உண்டு: அதே கல்லுக்கு 3.53 என்றால் சாதா அவுன்ஸ், 3.22 பக்கம் என்றால் தங்கத்துக்கான டிராய் அவுன்ஸ்.

சித்த மருந்துச் சரக்கு நிறுப்பவர்களுக்கு யாரும் கண்டுகொள்ளாத 'ஜி.என்.' (கிரெயின்) தான் உதவும். ஒரு கிரெயின் 65 மில்லிகிராம், அதாவது ஒரு உளுந்தெடை. இரண்டு கிரெயின் ஒரு குன்றி, 130 மில்லிகிராம். கழஞ்சு (5.1 கிராம்), பலம் (35 கிராம்) எல்லாம் கிராமிலேயே நிறுத்துவிடலாம்.

ஆனால் ஒற்றைக் குன்றியை இதில் நிறுக்காதீர்கள். 0.13 என்பதில் கடைசி இலக்கம் ஒன்று பிசகினாலே சுமார் 8 சதவீதம் போச்சு. பத்துக் குன்றியாக 1.30 கிராம் நிறுத்துப் பங்கு பிரிப்பது மேல். பற்பம், செந்தூரத்துக்கு 0.001 கிராம் காட்டும் தராசுதான் சரி.

இன்னொரு கோளாறு: காலித் தட்டில் பொடியைத் துளித்துளியாகத் தூவினால் எண் 0.00-ஐ விட்டு நகராது. சிறு ஏற்றத்தைத் தராசே பூஜ்ஜியமாக்கிக்கொள்கிறது. எண்ணைப் பூஜ்ஜியமாக்கும் 'டேர்' பொத்தானை அமுக்காமல் 20 கிராம் கல் ஒன்றைத் தட்டில் வைத்து, அதன் மேல் காகிதம் போட்டு, வந்த எண்ணைக் குறித்துக்கொண்டு தூவுங்கள், கடைசியில் கழித்துக்கொள்ளலாம். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், காற்றுக்கே கடைசி இலக்கம் ஆடும்.

அளவு திருத்த 200 கிராம் கல் தனியாக வாங்க வேண்டும், பெட்டியில் வராது. ஒரு சேர் 280 கிராம் என்பதால் சேர்க்கணக்கில் நிறுப்பவர்கள் 500 கிராம் மாடலைப் பாருங்கள். எடையளவுத் துறை முத்திரை இல்லாததால் கடையில் வைத்து வியாபாரம் செய்ய முடியாது. வீட்டுச் சரிபார்ப்புக்கு மட்டும்.