சமூக அறிவியல் வகுப்புக் கருவிகள்: பல வருஷம் புழங்கியதில் தேறியது எது?

விலைக்கும் பயனுக்கும் இங்கே சம்பந்தமே இல்லை. மலைகள் புடைத்து நிற்கும் 30 செ.மீ. குளோபை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 1 செ.மீ. என்பது சுமார் 425 கி.மீ., அதாவது கோயமுத்தூருக்கும் சென்னைக்கும் உள்ள நேர்கோட்டுத் தூரம். அந்தக் கணக்கில் எவரெஸ்ட் 0.2 மி.மீ. தான் உயர வேண்டும். விரலில் தட்டுப்படும் மலையெல்லாம் பொய். சாதா குளோபே போதும்.

நிஜமாக உழைப்பது இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 தலப்படம், அதாவது மேடு பள்ளம், ஆறு, சாலை எல்லாம் காட்டும் விரிவான வரைபடம். 1 செ.மீ.க்கு 500 மீட்டர். கோயமுத்தூர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு சங்கடம்: 11° வடக்கும் 77° கிழக்கும் நகருக்குள்ளேயே வெட்டிக்கொள்வதால் ஊர் நான்கு தாள்களில் கிடக்கிறது. பழைய எண்முறையில் 58ஏ/16, 58பி/13, 58இ/4, 58எஃப்/1. நான்கையும் ஓரம் வெட்டி, காடாத் துணியில் மைதாப் பசையால் ஒட்டினால் ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான சதுரம் கிடைக்கும். பசையில் கொஞ்சம் மயில் துத்தம் (காப்பர் சல்பேட்) கலக்காவிட்டால் பூச்சி அரித்துவிடும். அது விஷம், ஆகவே பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம். இதே படத்தின் பி.டி.எஃப். கோப்பை ஏ4 தாளில் சுருக்கி அச்சிட்டால் ‘1:50,000’ என்ற எழுத்து பொய்யாகிவிடும். கீழே இருக்கும் கோட்டு அளவை படத்தோடு சேர்ந்தே சுருங்குவதால், அதை வைத்துத்தான் தூரம் அளக்க வேண்டும்.

வரலாற்றுக்குக் காலநாடா, அதாவது வருஷங்களை அளவுப்படி குறித்துத் தொங்கவிடும் துணி நாடா. 100 வருஷத்துக்கு 1 மீட்டர். திருப்பூர்ப் பக்கம் சும்மா கிடைக்கிறதே என்று பனியன் வேஸ்ட்டில் செய்யாதீர்கள். தொங்கவிட்ட ஒரே மாதத்தில் இழுபட்டு நூற்றாண்டுகள் நீண்டுவிடும். காடாவைப் பாவு வாக்கில் (நெட்டு நூல் ஓடும் திசையில்) கிழித்தால் இழுபடாது. ஈரோடு மாவட்டத்து அகழாய்வுத் தலமான கொடுமணலைக் கி.மு. 300இல் குறித்தால் நாடா 23 மீட்டரைத் தாண்டும், வராந்தாதான் சரி. தீரன் சின்னமலை சங்ககிரியில் தூக்கிலிடப்பட்ட 1805, ஈரோடு தனி மாவட்டமான 1979, திருப்பூர் பிரிந்த 2009 எல்லாமே கடைசி இரண்டேகால் மீட்டருக்குள் அடங்கிவிடும். “நடுவுல ஒண்ணுமே நடக்கலீங்களா?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். பாடம் அங்கேதான் தொடங்குகிறது. கி.மு. 1க்கு அடுத்தது கி.பி. 1, நடுவே 0 போட்டால் 1 செ.மீ. பிசகும்.

அரசியல் வரைபடம் 2019க்கு முந்தையது என்றால் தூக்கிப் போட வேண்டாம். 32 மாவட்டப் படத்துக்குப் பக்கத்தில் இன்றைய 38 மாவட்டப் படத்தை மாட்டி, எது எதிலிருந்து பிரிந்தது என்று தேடவிட்டால் ஒரு முழுப் பீரியடும் ஓடிவிடும். லேமினேஷன் செய்த படத்தை ஜன்னலுக்கு எதிரே மாட்டினால் கண்ணாடி போல் மின்னும், கடைசி பெஞ்சுக்கு ஒன்றும் தெரியாது.

எல்லாவற்றிலும் மலிவு 1 மீட்டர் குச்சி. கோயமுத்தூரில் ஏப்ரல் 19, ஆகஸ்ட் 24 தேதிகளையொட்டிச் சூரியன் நேர் உச்சிக்கு வருவதால், நட்டுவைத்த குச்சியின் நண்பகல் நிழல் மறையும். பலர் 12 மணிக்கே பார்த்து ஏமாறுகிறார்கள். இந்திய நேரம் 82½° கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. நாம் 5½° மேற்கே இருக்கிறோம். டிகிரிக்கு 4 நிமிடம் என்றால் சூரியன் உச்சிக்கு வருவது 12.22ஐ ஒட்டித்தான். குச்சி 1° சாய்ந்தாலே 17 மி.மீ. நிழல் விழும், ஆகவே கொத்தனாரின் தூக்குக்குண்டு பிடித்து நடுங்கள். ஆகஸ்டில் பாலக்காட்டுக் கணவாய் மேகம் மறைத்தால் மறுநாள் பார்க்கலாம்; நிழல் 6 மி.மீ. அளவுதான் கூடியிருக்கும்.