மூன்று டிஸ்க், ஒரே குதிரை

டிவியில் மாட்டி ஆடும் பிளேஸ்டேஷன் 2, சுருக்கமாக பிஎஸ்2, இருந்த காலத்தில் வாங்கிய கேம் டிஸ்க் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதற்குப் பெட்டி கிடையாது. கடைக்காரர் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, மேலே மார்க்கர் பேனாவால் ‘ஷேடோ’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். அசலா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பிஎஸ்3க்கு 2011ல் வந்த ரீமாஸ்டரையும் (பழையதை மெருகேற்றியது), பிஎஸ்4க்கு 2018ல் வந்த ரீமேக்கையும் (புதிதாகச் செய்தது) முழு விலை கொடுத்து வாங்கி அந்தப் பாவத்தைக் கழித்துக்கொண்டேன். ஆக, ‘ஷேடோ ஆஃப் தி கொலாசஸ்’ என்ற ஒரே கேமை மூன்று கன்சோலில், பதினைந்து வருஷத்துக்கும் மேலாக, விட்டு விட்டு ஆடிக்கொண்டிருக்கிறேன்.

கேள்விப்படாதவர்களுக்கு இரண்டு வரி. செத்துப்போன ஒரு பெண்ணைப் பிழைக்க வைக்க ஒரு பையன் யாரும் போகக்கூடாத ஒரு நிலத்துக்கு வருகிறான். அங்கே 16 பூதங்கள். ஒவ்வொன்றையும் தேடிப் போய், அதன் உடம்பில் தொற்றி ஏறி, குத்திக் கொல்ல வேண்டும். நடுவில் குட்டி எதிரிகள் இல்லை, கடை இல்லை, பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. ஒரு வாள், ஒரு வில், ஆக்ரோ என்ற ஒரு குதிரை. ஃபுமிட்டோ உவேடா இயக்கத்தில் 2005ல் வெளிவந்தது.

மூன்றாவது பூதத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் நான் அதிகம் செத்தது அங்கேதான். ஏரி நடுவே ஒரு வட்ட மேடை. கல்லால் ஆன வாளை அந்தப் பூதம் தலைக்கு மேலே ஓங்கும். மேடையின் நடுவில் இருக்கும் உலோகத் தட்டின் மேல் அந்த அடி விழும்படி நாம் போய் நிற்க வேண்டும். அடி விழுந்தால் அதன் கைக்காப்பு உடையும். அடுத்த முறை வாள் தரையில் இறங்கும்போது, அந்த வாள் மேலேயே ஓடி கைக்குத் தாவ வேண்டும். ஆர்1 பட்டனை அழுத்திக்கொண்டிருக்கும் வரைதான் பிடி. மூலையில் ஒரு இளஞ்சிவப்பு வட்டம் சுருங்கிக்கொண்டே வரும், அது தீர்ந்தால் கை நழுவும்.

பிஎஸ்2ல் என்ன நடக்கும் என்றால், அந்த அடி விழுந்து தூசி கிளம்பியதும் படம் திணறும். விநாடிக்கு 30 ஃபிரேம், அதாவது 30 படங்கள், என்றால் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே 33 மில்லி செகண்ட். பூதம் திரையை அடைத்துக்கொண்டு நிற்கும்போது இந்தக் கேம் 20க்கும் கீழே இறங்கும், அதாவது 50 மில்லி செகண்டுக்கும் மேல். தாவ வேண்டிய நேரத்தில் நான் பட்டனைத் தட்டியிருப்பேன், பையன் யோசித்துவிட்டுத் தாவுவான். ஏரியில் விழுவேன். நீந்தி, திரும்ப ஏறி, மறுபடியும் முதலிலிருந்து.

ஆனால் அந்த பிஎஸ்2 பெட்டியின் மேல் எதையெல்லாம் ஏற்றி வைத்திருந்தார்கள் என்று பார்த்தால் கோபம் பாதியாகிவிடும். 294 மெகாஹெர்ட்ஸ் செயலி, 32 எம்பி நினைவகம். இன்றைக்கு பிஎஸ்5ல் இருப்பது 16 ஜிபி, அதாவது சுமார் 500 மடங்கு. அந்த 32 எம்பிக்குள் ஒரு முழு நிலப்பரப்பை, எங்கேயும் லோடிங் திரை போட்டு நிறுத்தாமல், டிஸ்கிலிருந்து இழுத்து இழுத்துக் காட்டினார்கள். பூதத்தின் ரோமம், பாதி தெரியும் தாள்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிச் செய்தது. எல்லாவற்றையும்விட, நாம் ஏறி நிற்கும் ‘தரை’யே ஒரு உயிரின் உடம்பு, அது குலுங்கும், திரும்பும், எழுந்து நிற்கும், அதன் மேல் நம் கால் வழுக்கும். ஃபிரேம் குறைவதை மறைக்க ஒரு மங்கலான அசைவுத் தடத்தையும் பூசிவிட்டிருந்தார்கள். வீட்டிலிருந்த 21 அங்குல குழாய் டிவியில் அது ஓரளவு எடுபட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

ரொம்ப நாள் எனக்கு ஒரு சித்தாந்தம் இருந்தது. அந்தத் திணறல்தான் பூதத்துக்குக் கனத்தைக் கொடுக்கிறது. அது ஓட்டமாக ஓடினால் பொம்மை மாதிரி ஆகிவிடும் என்று நண்பர்களிடம் சத்தம் போட்டுப் பேசியிருக்கிறேன். இப்படிச் சொல்பவர்கள் இன்னும் நிறைய பேர் இருக்கிறார்கள்.

பிஎஸ்3 டிஸ்கைப் போட்ட அன்று அந்தச் சித்தாந்தம் கவிழ்ந்தது. புளூபாயிண்ட் என்ற நிறுவனம் செய்த அந்த ரீமாஸ்டர், கலையில் கையே வைக்கவில்லை. அதே வெளிச்சம், அதே மொட்டைப் பாறை. படத்தைக் கூர்மையாக்கி, 30 ஃபிரேமில் நிறுத்தி வைத்தார்கள், அவ்வளவுதான். முதல் பூதம் என் பக்கத்தில் கால் வைத்தபோது கனம் கொஞ்சமும் குறையவில்லை. கால் தூக்குவதற்கு முன் ஒரு சின்ன நிறுத்தம், உடம்பு ஒரு பக்கம் சாய்வது, பாதம் பதிந்த பிறகு தாமதமாகக் கிளம்பும் தூசி, கேமரா அதிர்வது, இதிலெல்லாம்தான் அந்தக் கனம் இருந்திருக்கிறது. அனிமேஷன் வரைந்தவர்களின் உழைப்புக்குப் போக வேண்டிய பெயரை இத்தனை வருஷம் பெட்டியின் மூச்சிரைப்புக்குக் கொடுத்துவிட்டேன். மூன்றாவது பூதத்தை அன்றைக்கு இரண்டாவது முயற்சியில் முடித்தேன்.

கூர்மையாக்கியதில் ஒரு தொல்லையும் வந்தது. தூரத்து மலைகள் வெறும் தட்டைப் படங்கள் என்பது இப்போது பளிச்சென்று தெரிந்தது. குழாய் டிவி எவ்வளவு மறைத்துக் கொடுத்திருக்கிறது என்று அன்றுதான் புரிந்தது.

2018 ரீமேக் வேறு ரகம். அதே நிறுவனம்தான், ஆனால் இந்த முறை எல்லாவற்றையும் புதிதாக வரைந்தார்கள். பிஎஸ்4 ப்ரோவிலும் பிஎஸ்5லும் 60 ஃபிரேமில் ஆடலாம். கையில் எப்படி இருக்கிறது என்று கேட்டால், வெண்ணெய். பூதத்தின் முதுகில் ரோமம் காற்றில் சாயும்போது பார்த்துக்கொண்டே பிடியை விட்டுக் கீழே விழுந்திருக்கிறேன்.

ஆனாலும் அந்த வெளிச்சம் வரவில்லை. பிஎஸ்2ல் இருட்டான கோயிலிலிருந்து வெளியே வந்தால் ஒரு கணம் திரையே வெளுத்துப்போகும். மத்தியான வெயிலில் வாசலுக்கு வந்து கண்ணைச் சுருக்குவோமே, அந்த மாதிரி. பிறகு மெல்ல நிலம் தெளியும். அந்த வன்பொருளில் முறையாகச் செய்ய முடியாத வெளிச்சக் கணக்கை ஏமாற்றிச் செய்த வித்தை அது. நிறங்களும் சாயம் போனவை. புல்லும் பாறையும் வானமும் ஏறக்குறைய ஒரே சாம்பல். ஆள் வாழாத நிலம் என்று யாரும் சொல்லாமலே தெரியும். ரீமேக்கில் புல் பச்சையாக இருக்கிறது, செடிகள் மண்டிக் கிடக்கின்றன, பாறையில் பாசி தெரிகிறது. எல்லாம் அழகு. சுற்றுலா போகலாம் போல இருக்கிறது, அதுதான் என் வருத்தம். ஃபோட்டோ மோட் வேறு வைத்திருக்கிறார்கள், கேட்கவா வேண்டும்.

பையனின் முகமும் அப்படித்தான். பிஎஸ்2ல் அது நாலைந்து கோடு. என்ன நினைக்கிறான் என்று நாம்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும். இப்போது தோல், இமை எல்லாம் இருக்கிற ஒரு குறிப்பிட்ட பையன். 16 பேரைக் கொன்றபின் இந்த முகம் இவ்வளவு சாதுவாக இருக்குமா என்று எனக்கு ஒரு சந்தேகம் வந்துகொண்டே இருக்கிறது. நிலம் முழுக்க 79 தங்கக் காசுகளை வேறு ஒளித்து வைத்திருக்கிறார்கள். வெறுமையாக இருக்க வேண்டிய இடத்தில் காசு பொறுக்க விட்டது யாருடைய யோசனையோ.

‘சைலன்ட் ஹில்’ ஆடியவர்களுக்கு இது பழைய கதை. 1999ல் பிஎஸ்1ல் தூரத்தை வரைய முடியாததால் ஊரையே மூடுபனியில் போட்டார்கள்; அந்தப் பனிதான் பயம் ஆனது. இரண்டாம் பாகத்துக்கு 2012ல் ஹெச்டி பதிப்பு வந்தபோது பனி மெலிந்து, ஏரித் தண்ணீர் முடிகிற விளிம்பு கண்ணில் பட்டது. பயம் போய் சிரிப்பு வந்தது.

ஆகவே குறைபாட்டிலிருந்து பிறந்த கலை உண்டு, சும்மா குறைபாடும் உண்டு. இரண்டையும் ஒரே வாரத்தில் பிரித்துப் பார்க்க என்னால் முடிந்ததில்லை. வெளிச்சம் முதல் ரகம். ஃபிரேம் திணறல் இரண்டாவது ரகம். ஆனால் ஒரே ஒரு கேமில் இந்தக் கணக்கு எனக்கு இன்னும் தீரவில்லை.

அதே உவேடாவின் ‘தி லாஸ்ட் கார்டியன்’. 2009ல் பிஎஸ்3க்கு என்று அறிவித்து, 2016 டிசம்பரில் பிஎஸ்4ல் வந்தது. ட்ரைக்கோ என்று ஒரு மிருகம். கொஞ்சம் பறவை, கொஞ்சம் பூனை, நிறைய நாய். அது உடனே சொன்ன பேச்சு கேட்காது. அப்படித்தான் வடிவமைத்தார்கள், ஏனென்றால் உடனே கேட்டால் அது வாகனம், பிராணி இல்லை. சரி, ஆனால் சாதாரண பிஎஸ்4ல் அந்தக் கேமும் 30ஐப் பிடிக்க முடியாமல் தடுமாறும். ஒரு தூணின் மேல் நின்று ‘அங்கே தாவு’ என்று நான் கத்திக்கொண்டிருப்பேன். ட்ரைக்கோ தலையைச் சாய்த்துப் பார்க்கும். அது யோசிக்கிறதா, பெட்டி யோசிக்கிறதா என்று தெரியாது. பேட்ச், அதாவது பின்னால் இணையத்தில் வரும் திருத்தம், எதுவும் போடாத டிஸ்கை பிஎஸ்5ல் போட்டால் 60 ஃபிரேமில் ஓடுகிறது. பேட்ச் போட்டால் மறுபடி 30. இணையத்தைத் துண்டித்துவிட்டு அப்படி ஆடிப் பார்த்தேன். மிருகத்தின் பிடிவாதம் அப்போதும் இருந்தது, ஆனால் அதன் காது திரும்புவது, கால் எடை மாற்றுவது எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. யோசிப்பது அதுதான் என்று நம்ப முடிந்தது. கோபமும் குறைந்தது.

எண்களைப் பற்றிப் பேசும்போது 2015ஐ விடவே முடியாது. பிப்ரவரியில் ‘தி ஆர்டர்: 1886’, மார்ச்சில் ‘ப்ளட்போர்ன்’. இரண்டும் பிஎஸ்4க்கு மட்டும், இரண்டும் 30 ஃபிரேம், இரண்டும் விக்டோரியா காலத்து வாடை அடிக்கிற ஊர். முதலாவது அசையாமல் 30ல் நிற்கும். கோட்டுத் துணியின் நெசவு வரை தெரியும். சினிமா மாதிரி மேலும் கீழும் கருப்புப் பட்டை. இரண்டு ராத்திரியில் முடித்தேன், நண்பனிடம் கொடுத்தேன், திருப்பிக் கேட்கத் தோன்றவில்லை.

ப்ளட்போர்ன் எண்ணிக்கையில் 30தான், ஆனால் ஃபிரேம்கள் சீராக வராது. ஒன்று 16 மில்லி செகண்டில் வரும், அடுத்தது 50க்குப் போகும். நடந்துகொண்டே கேமராவைத் திருப்பினால் படிக்கட்டில் சக்கரம் உருட்டுவது போலத் தட்டும். வெளிவந்த புதிதில் ஒவ்வொரு சாவுக்கும் முப்பது நாற்பது விநாடி லோடிங், அதுவும் வெறும் கேம் பெயரைப் பார்த்துக்கொண்டு. பேட்ச் வந்த பிறகு நேரம் குறைந்தது. காத்திருக்கும்போது படிக்கப் பொருட்களின் குறிப்புகளும் வந்தன. அந்தக் கேமை நான்கு முறை முடித்திருக்கிறேன். 60 ஃபிரேம் பேட்ச் வருமா என்று வருஷா வருஷம் பார்ப்பேன். வரவில்லை, இருந்தும் ஆடுகிறேன்.

‘ஷேடோ ஆஃப் தி கொலாசஸ்’ கேமை இப்போது வாங்குபவர்களுக்கு என் அனுபவத்தில் இரண்டு விஷயம். ரீமேக்கை எடுங்கள், ப்ரோவோ பிஎஸ்5ஓ என்றால் அமைப்புகளில் 60 ஃபிரேம் தரும் பெர்ஃபார்மன்ஸ் மோடுக்கு மாற்றிவிடுங்கள். பழைய பதிப்பில் கை பழகியவர்கள் பட்டன் வரிசையையும் பழையதற்கே மாற்றிக்கொள்ளலாம். முக்கோணத்தில்தான் எனக்குத் தாவ வரும், எக்ஸ் பட்டனுக்கு விரல் ஒத்துக்கொள்ளவே இல்லை. அதைவிட முக்கியம் டிவி. கேம் மோடைப் போடாமல் ஆடினால், படத்தை வழவழப்பாக்குகிறேன் என்று டிவியே தாமதம் சேர்த்துவிடும். அப்புறம் 60 ஃபிரேம் இருந்தும் மூன்றாவது பூதத்திடம் ஏரியில்தான் விழுவீர்கள்.

போன விடுமுறையில் அக்கா பையன் வந்திருந்தான். பன்னிரண்டு வயது, கைபேசியிலேயே 120 ஃபிரேம் பார்த்த கண். ரீமேக்கைப் போட்டுக் கொடுத்தேன். பத்து நிமிஷத்தில் முதல் புகார்.

“மாமா, இந்தக் குதிரை சொன்னபடி திரும்பவே மாட்டேங்குது. லேக் அடிக்குதா?”

“லேக் இல்லடா. குறுகலான வழியில அதுவே பார்த்துப் போகும், நீ சும்மா தட்டி விடு.”

நம்பாமல்தான் தட்டிவிட்டான். பாறை விளிம்பில் குதிரை தானே வளைந்து போனது. ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அதற்கப்புறம் திசைக் குச்சியைப் போட்டு முறுக்குவதை நிறுத்திவிட்டான்.

நாலாம் நாள் பதிமூன்றாவது பூதத்துக்கு வந்தான். பாலைவனம், மணலுக்குள்ளிருந்து எழும்பி வானத்தில் நீந்துகிற நீளமான உடம்பு. வயிற்றில் இருக்கும் காற்றுப் பைகளை அம்பால் துளைத்தால் தாழ இறங்கும். குதிரையை ஓட்டிக்கொண்டே அதன் துடுப்புக்குத் தாவ வேண்டும். எல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டு காபி போடப் போனேன். திரும்பி வந்தபோதும் அது வானத்தில்தான் இருந்தது, ஒரு பை கூட உடைந்திருக்கவில்லை. இவன் அதன் கீழே குதிரையை ஓட்டிக்கொண்டிருந்தான்.

“என்னடா, அம்பு படலையா?”

“அது நம்மளை ஒண்ணுமே பண்ணலையே மாமா.”

காபியை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். டிவியில் கேம் மோட் போட்டிருந்தானா என்று பார்க்க மறந்துவிட்டேன்.