ஒரு சுற்று முடிந்தது, ராஜேந்திரன் இன்னும் வரவில்லை

எதிர் ஃபிளாட் தோழி தன் மகனைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடலாமா என்ற யோசனையில் இருக்கிறாள். நாங்கள் பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கிறோம், கிளாசிக்கல் முறை என்கிற பழைய மேற்கத்தியக் கல்வி முறைப் பாடப் புத்தகத் தொகுப்பை வைத்து. "நீங்க வச்சிருக்கிற அந்த கிளாசிக்கல் செட்டை நானும் வாங்கலாமாக்கா?" என்று கேட்டாள். ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. படிப்பை இலக்கணம், தர்க்கம், சொல்வன்மை என்று மூன்று பருவங்களாகப் பிரிப்பது, வரலாற்றை நான்கு ஆண்டுச் சுற்றாக மூன்று முறை படிப்பது, இதெல்லாம் தேடிப் பார்த்தவர்களுக்குத் தெரிந்ததுதான். ஆங்கில எழுத்தாளர் டோரத்தி சேயர்ஸ் 1947-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய உரையில் தொடங்கி எல்லாரும் எழுதிவிட்டார்கள். ஒரு சுற்றை முழுதாக முடித்த வீட்டில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கோபத்தில் மறந்துவிடும். இந்த முறையில் எனக்குப் பிடித்தது, வாசித்ததைச் சொல்லிக் காட்டுவது. ஒரு பகுதியை ஒரே ஒரு முறை வாசிப்போம். புத்தகத்தை மூடியதும் பிள்ளை அதைத் தன் வார்த்தையில் சொல்ல வேண்டும். சின்னவன் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொள்வேன், பெரியவள் தானே எழுதுவாள். கேள்வி பதில் கிடையாது, கோடிட்ட இடம் கிடையாது. ஆரம்பத்தில் "ஒரு ராஜா இருந்தான், செத்துட்டான்" என்பதோடு முடிந்துவிடும். இப்போது காய்ச்சலுக்கு டாக்டரிடம் போனால் பெரியவள் என்னைப் பேச விடுவதில்லை. முதலில் தொண்டை வலித்தது, மறுநாள் சாயங்காலம் குளிர் வந்தது, மாத்திரை போட்டதும் இறங்கி ராத்திரி மறுபடி ஏறியது என்று வரிசை பிசகாமல் சொல்கிறாள். டாக்டர் என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட.

மனப்பாடத்திலும் குறை இல்லை. காலையில் கூடத்தில் வாய்பாடும் ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் கேட்பதில் என் மாமியாருக்குப் பரம திருப்தி. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் நடந்ததை அமெரிக்காக்காரன் டாலருக்கு விற்கிறான் என்பார். லத்தீனை முதல் ஆண்டோடு நிறுத்திவிட்டு அந்த நேரத்தை நன்னூலுக்குக் கொடுத்தோம். வேற்றுமை பழக வேண்டும் என்றால் எட்டு வேற்றுமை நம்மிடமே இருக்கிறது. அந்தப் பிரச்சினை அதோடு தீர்ந்தது.

தீராதது வரலாறு. இந்த முறையில் வரலாறு பாடங்களில் ஒன்று அல்ல, மற்றப் பாடங்களையெல்லாம் மாட்டி வைக்கிற ஆணி. எந்தக் காலத்தைப் படிக்கிறோமோ அந்தக் காலத்துக் கதைகள், அந்தக் காலத்து வரைபடம், அந்தக் காலத்துச் சிற்பம்தான் அந்த ஆண்டு முழுவதும். அதனால் வரலாற்றில் ஒரு நாடு விடுபட்டால் ஒரு பாடம் விடுபட்டதோடு போகாது. சோழர்கள் இல்லை என்றால் அந்த ஆண்டு கம்பனும் இல்லை, வெண்கலச் சிலையும் இல்லை. எங்கள் செட்டில் இந்தியா என்றால் சிந்துவெளி, புத்தர், அசோகர், அப்புறம் ஒரே தாவலில் முகலாயர்.

முதல் ஆண்டு தொடக்கத்தில் மெசபடோமியாப் பக்கம் நாடோடிகள் விதைக்கக் கற்றுக்கொள்கிறார்கள். சரி. நாங்கள் இருப்பது குரோம்பேட்டையில். அடுத்த ஸ்டேஷன் பல்லாவரம். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற புவியியலாளர் கற்கோடரியைக் கண்டெடுத்தது அங்கேதான், இந்தியாவின் பழைய கற்கால ஆராய்ச்சியே அதிலிருந்துதான் தொடங்குகிறது. எங்கள் செட்டில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் 1757-ல் பிளாசியில்தான் முதன்முதலாகத் தலைகாட்டுகிறார்கள். அவர்கள் 1639-ல் இடம் பெற்று எழுப்பிய கோட்டை எங்கள் ரயில் போகிற வழியில் இருக்கிறது. 1066-ல் நார்மன் வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்ததைச் சின்னவன் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வான். 1025-ல் ராஜேந்திர சோழன் கடாரத்துக்கு, இன்றைய மலேசியாப் பக்கம், கப்பல் அனுப்பியதைச் சொல்ல அவனுக்கு ஒரு பக்கம்கூடக் கிடையாது.

ரோமையாவது ஒழுங்காகச் சொல்லியிருக்கிறார்களா? ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் (ரோமானியக் காசு) இந்தியாவுக்குப் போய்விடுகிறது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி புலம்பியது அதில் இல்லை. பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் யவனர் கப்பல் அகநானூற்றில் இருக்கிறது. இரண்டையும் ஒரே காலையில் வாசித்துவிட்டு, மின்சார ரயில் ஏறி எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனோம். தென்னிந்தியாவில் புதையலாகக் கிடைத்த ரோமானியக் காசுகள் அங்கே இருக்கின்றன, ஃபூட் சேகரித்த கற்கருவிகளும் அங்கேதான். "இந்தக் காசுலதான் மிளகு வாங்கினானா?" என்று கேட்டுவிட்டுச் சின்னவன் அடுத்த கூடத்துக்கு ஓடிவிட்டான். பெரியவள் வீட்டுக்கு வந்து சுவரில் ஒட்டியிருக்கும் காலக்கோட்டில் அகஸ்டஸுக்குக் கீழே ஒரு மிளகுக் கொடி வரைந்தாள். அந்த நாளுக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். ஆனால் அந்த நாளைத் தந்தது அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய செட் இல்லையே!

அதைத் தயாரிப்பது யார்? நான்தான், ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம். எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு முறை வாசித்துக் காட்டிச் சொல்ல வைக்கத் தோதான ஒரு பக்கம் எழுதுவது லேசான வேலை இல்லை. கடையில் கிடைக்கிற சிறுவர் நூல்களில் பாதி உலகில் நாமே முதல் என்று மார்தட்டுகின்றன. பாடநூலில் தகவல் இருக்கும், கதையோட்டம் இருக்காது, பெட்டிச் செய்தியைப் பிள்ளையால் சொல்லிக் காட்ட முடியாது. மேற்கத்தியப் பிள்ளைகளுக்காக எழுதியவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை, தெரியும். அப்படியானால் அட்டையில் உலக வரலாறு என்று போடாமல் இருந்திருக்கலாம்.

மூத்தவளுக்கு 14 நிறைந்ததும் என்ஐஓஎஸ் (தேசியத் திறந்தநிலைப் பள்ளி) வழியாகப் பத்தாம் வகுப்பு எழுத வைப்பதாகத் திட்டம். அதில் எனக்குப் பெரிய கவலை இல்லை.

ஆகவே தோழிக்கு என் பதில்: வாங்காதே. சொல்லிக் காட்டுவதற்கு அந்தச் செட் தேவையே இல்லை. நல்ல கதைப் புத்தகமும், காலை முழுவதும் உட்கார்ந்து காது கொடுக்க ஒரு பெரியவரும் இருந்தால் போதும். நீ வேலைக்குப் போகிறவள், அந்த இரண்டாவதுதான் கஷ்டம். நாங்களோ வரும் ஜூனில் அதே செட்டை வைத்து இரண்டாம் சுற்றைத் தொடங்குகிறோம். அதன் வரிசை எங்களுக்குப் பழகிவிட்டது, பக்கங்களுக்கு நடுவே நான் எழுதி ஒட்டிய தாள்களும் சேர்ந்துவிட்டன. ஐந்துக்கு எத்தனை என்றால் இன்றைக்கு இரண்டு. எழும்பூர் போய்வந்த அன்று கேட்டிருந்தால் நான்கு சொல்லியிருப்பேன். இன்று ராத்திரி கடாரத்தை எழுதி முடித்தாக வேண்டும்.