நாலு வீரட்டமும் ஆவடுதுறையும் ஒரே நாளில்: காருக்கு நாலு நட்சத்திரம், கதைக்கு மூணு

அப்பாவுக்கு எண்பது முடிந்து எட்டாம் மாசம், திருக்கடையூரில் சதாபிஷேகம். எல்லோரும் முந்தின நாளே வந்துவிட்டதால், மயிலாடுதுறையில் காரும் வழிகாட்டியும் சேர்த்துத் தருகிற ஒரு சேவையைப் பிடித்தோம். குறையும் சொல்லப்போவதால் பெயர் போடவில்லை.

எர்டிகா கார். அப்பா, அம்மா, நான், வீட்டுக்காரர், ஒன்பதாவது படிக்கிற பையன். காலை ஆறு முதல் இரவு எட்டு வரை 5,800 ரூபாய். பார்க்கிங், அர்ச்சனை நம் கணக்கு. வண்டி சுத்தம். டிரைவர் போன் தொடவில்லை, கமிஷன் கடைப் பக்கம் திருப்பவுமில்லை. அட்டவீரட்டம் என்பது சிவன் வீரச் செயல் புரிந்ததாகச் சொல்லும் எட்டுத் தலங்கள்; அதில் ஆறு டெல்டாவில் இருந்தாலும் கண்டியூர், விற்குடி வேறு திசை. அதனால் கொறுக்கை, வழுவூர், பறியலூர், கடையூர், நடுவில் திருவாவடுதுறை என்று போட்டுக் கொடுத்தார்கள்.

வழிகாட்டி சைவ சித்தாந்த வகுப்பெல்லாம் போனவராம். மைக் இல்லாமலே பிராகாரம் அதிர்கிற குரல். பாட்டை அவர் சொல்லிக் கேட்பதற்கே காசு கொடுக்கலாம். சிக்கல், கதையை அரை நிமிஷத்தில் முடித்துவிட்டுத் தத்துவத்துக்குப் பாய்கிறார். கொறுக்கை காமனை எரித்த இடம். அங்கே விபூதிக் குட்டை என்று காட்டுவார்கள், மண் வெளுத்திருக்கும். அம்மா குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். "அம்மா, அது வெறும் மண்ணு. காமன்னா ஆசை. எரிஞ்சதும் ஆசைதான்" என்று சிரித்தார் வழிகாட்டி. அம்மா முடிச்சை அவிழ்க்கவில்லை.

ஆவடுதுறையில்தான் சூடு பிடித்தது. திருமந்திரம் பாடிய திருமூலர் இருந்த ஊர். சாத்தனூர் இடையன் மூலன் செத்துக் கிடக்கிறான், மாடுகள் சுற்றி நின்று கதறுகின்றன. கயிலையிலிருந்து வந்த யோகி அதைப் பார்க்கப் பொறுக்காமல் தன் உடம்பை ஓரிடத்தில் வைத்துவிட்டு மூலன் உடம்புக்குள் புகுந்து திருமூலர் ஆகிறார். எவ்வளவு பெரிய கதை! நம்மவர், "பசுன்னா ஆன்மா. பதி, பசு, பாசம்" என்று இறைவன், உயிர், அதைக் கட்டும் தளை மூன்றுக்கும் விரல் மடக்க ஆரம்பித்துவிட்டார். எழுபது வருஷம் மாட்டோடு கிடந்த அப்பா குறுக்கே வந்தார்: "தம்பி, மாடு அழும். எங்க வீட்டுல மாடு பாத்துக்கிட்டிருந்தவர் போனப்போ செவலைப் பசு ரெண்டு நாள் வைக்கோல்ல வாய் வைக்கல. கண்ணுக்குக் கீழ ரோமமெல்லாம் நனைஞ்சு ஒட்டிக் கிடந்துச்சு."

வழிகாட்டி விடவில்லை. திருமந்திரத்தை எடுத்தார்: "முப்புரம் செற்றனன் என்பர்கள் மூடர்கள், முப்புரமாவது மும்மல காரியம்." சிவன் மூன்று கோட்டையை எரித்தார் என்று சொல்பவர்கள் மூடர்களாம், ஆணவம், கன்மம், மாயை என்று உயிரைப் பிடித்த மூன்று அழுக்குகள்தான் அந்த மூன்றுமாம். திருமூலர் சொன்னதுதான், நமக்கு மறுப்பில்லை. ஆனால் 'மூடர்கள்' வந்ததும் எங்கள் குடும்பத்தையே ஒரு சுற்று பார்த்திருக்க வேண்டாம். மறுநொடியே, வருஷத்துக்கு ஒரு பாட்டாக மூவாயிரம் வருஷத்தில் மூவாயிரம் பாட்டு பாடினார் என்றார், கண் இமைக்காமல். "அங்கிள், அது மட்டும் நிஜமா?" என்றான் பையன். மனுஷன் வாய்விட்டுச் சிரித்தார். "இதை யாரும் கேட்டதில்லடா." அந்தச் சிரிப்புக்கு அரை நட்சத்திரம் கூட்டியிருக்கிறேன்.

அதை வழுவூரில் கழித்தேன். போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டே கால், நடை சாத்தியாச்சு. இந்தப் பக்கத்துக் கோயில்கள் மத்தியானம் மூடி நாலு மணிக்கு மேல்தான் திறக்கும் என்பது வழிகாட்டிக்கா தெரியாது? டவுனுக்குத் திரும்பிச் சாப்பிட்டு, மறுபடி வந்து நின்றோம்.

ஆனால் அந்த கஜசம்ஹார மூர்த்தி, யானையை அழித்த சிவன்! யானைத் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகிற வேகத்தில் உடம்பு முறுக்கி, உள்ளங்கால் தெரிகிறது. பக்கத்தில் அம்மன், இடுப்பில் பிள்ளை முருகன், பயந்து திரும்பி ஓடப் பார்க்கிற நிலை. "யானைன்னா ஆணவம்" என்றார் வழிகாட்டி. ஆணவத்தைப் பார்த்து எந்தத் தாயாவது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவாளா? இதை வார்த்த ஸ்தபதிக்கு அந்த நேரத்தில் யானை யானைதான்.

பறியலூரில் தட்சன் கதை, பத்து நிமிஷம். அங்கிருந்து கடையூர் போகிற வழியில்தான் வேடிக்கை. திருநள்ளாறு பேச்சு வந்தது. அந்தக் கோயிலுக்கு மேலே போகிற சாட்டிலைட் மூணு செகண்ட் நின்றுவிட்டுத்தான் போகுமாம், சனி பகவான் சக்தியாம். வாட்ஸ்அப்பில் வருஷக்கணக்காகச் சுற்றுகிற அதே புளுகு. தாழ்வான பாதையில் சுற்றும் சாட்டிலைட் செகண்டுக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது, நின்றால் கீழேதான் விழும் என்று பையன் சொல்லிப் பார்த்தான். வழிகாட்டி ஏற்கவில்லை. காலையிலிருந்து காமன் பொய், யானை பொய், மாட்டின் கண்ணீர்கூடப் பொய். சாட்டிலைட் நிற்பது மட்டும் நிஜம்!

கடையூரில் மார்க்கண்டேயர் கதை. இங்கே அவர் சொன்ன ஒன்றை மறக்க மாட்டேன். கால் என்றால் பாதம் மட்டுமில்லை, பழந்தமிழில் காற்றும் 'கால்'தான். திருமந்திரத்தில் கடவூர் (கடையூரின் பழைய பெயர்) பாட்டில் "காலுற்றுக் காலனைக் காய்ந்து" என்று வருகிறது. மூச்சை அடக்கி மேலேற்றுகிற யோகத்தால் காலனை வெல்வது என்று விளக்கினார். காலால் காலனை உதைத்ததற்குள் இத்தனை இருக்கிறதா என்று நான் வாய் பிளந்து நின்றேன். நாள் முழுக்க அவர் பேசியதில் இது ஒன்றே போதும்.

அப்பா மட்டும் கேட்டார்: "அப்ப எமனே கிடையாதுங்கறீங்களா?"

"தத்துவம்தான் ஐயா."

"நாளைக்குக் கலசத் தண்ணிய என் தலையில ஊத்தப் போறாங்களா, தத்துவத்துல ஊத்தப் போறாங்களா?"

பதில் இல்லை. நாளைக்குக் கலசத்தடியில் உட்காரப் போகிறவரிடம் பேசுகிற பேச்சா அது? புக் பண்ணுகிறவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: கதையை முழுசாகச் சொல்லட்டும், அர்த்தம் கேட்டால் மட்டும் சொல்லட்டும். வழுவூரைப் பதினோரு மணிக்குள் முடிக்கச் சொல்லுங்கள்.

மறுநாள் அபிஷேகம் முடிந்து ஈர வேட்டியோடு அப்பா உட்கார்ந்திருக்க, ஆசீர்வாத வரிசையில் வழிகாட்டியும் நின்றார். நாங்கள் அழைக்கவில்லை, அவராக வந்திருந்தார். விழுந்து காலைத் தொட்டார். அப்பா அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டே குனிந்து கேட்டார்:

"இது எந்தக் கால் தம்பி?"