பழைய சின்ன பாய்மரப் படகுக்கு ஸ்டீல் வயரா, டைனீமா கயிறா?

பழைய படகுல ரிக்கிங் மாத்தணும்னு வந்துட்டா முதல்ல வர்ற கேள்வி, பாய்மரத்தை முன்னும் பின்னும் இழுத்துப் புடிச்சிருக்கிற ஸ்டே, பக்கவாட்டுல புடிச்சிருக்கிற ஷ்ரவுடு எல்லாத்தையும் மறுபடியும் ஸ்டீல் வயர்லயே போடுறதா இல்ல டைனீமாங்கிற செயற்கை இழைக் கயித்துக்கு மாறிடுறதான்னுதான். ரெண்டு பக்கமும் அடிச்சுப் பேச ஆள் இருக்காங்க. என்னைக் கேட்டா 20, 25 அடி பழைய படகுக்கு ஸ்டீல்தான், ஆனா நுனில மாட்டுற டெர்மினலை மாத்திப் போடணும்.

எடைல டைனீமாவை அடிச்சுக்க முடியாது. தண்ணில மிதக்குற சரக்கு அது, ஸ்டீல் அதைவிட எட்டு மடங்கு அடர்த்தி. மேல எடை குறைய குறைய படகு சாயுறதும் குறையும். அதே தடிமன்ல பலமும் ஸ்டீலை விட ஜாஸ்தி. ஆனா 4 மி.மீ வயரை எடுத்துட்டு 4 மி.மீ கயித்தை மாட்டிடலாம்னு நினைச்சா அது சரியா வராது, ஏன்னா டைனீமா எந்நேரமும் இழுவைலயே இருந்தா நாள்பட நாள்பட மெதுவா நீண்டுக்கிட்டே போகும், இதைத்தான் க்ரீப்னு சொல்வாங்க, அதனால எவ்ளோ எடைல அறும்னு பாக்காம எவ்ளோ நீளும்னு பாத்துதான் சைஸ் எடுக்கணும், அப்போ தடிமன் கூடிடும். குளிர்ல இன்னொரு தொல்லை, அலுமினியப் பாய்மரம் சுருங்கும், டைனீமா சுருங்காம லேசா நீளவே செய்யும், விடியக்காலைல பாத்தா ஷ்ரவுடு தொளதொளன்னு நிக்கும்.

முடிச்சு போட்டா பாதி பலத்துக்கு மேல போயிடும், அதனால ஸ்ப்ளைஸ் பண்ணித்தான் ஆகணும், அதாவது நுனியை மடக்கி அதே கயித்துக்குள்ள புதைக்கணும். வழக்கமா தடிமனைப் போல 72 மடங்கு நீளத்தை உள்ள புதைப்பாங்க, 5 மி.மீ கயிறுன்னா 36 செ.மீ. கத்துக்க கஷ்டமில்ல, மெஷினும் வேண்டாம், இது டைனீமாவோட பெரிய ப்ளஸ். ஆனா முன்பக்கம் இழுத்துப் புடிக்கிற ஃபோர்ஸ்டேக்கு மட்டும் நான் டைனீமாவை ஒத்துக்கவே மாட்டேன், முன்பாயோட உலோகக் கொக்கிங்க மேலயும் கீழயும் உரசி உரசி கயித்தை அரிச்சிடும்.

இப்போ ஸ்டீல். 1×19 வயர்தான், அதாவது 19 தனி இழையை ஒண்ணா முறுக்கினதுதான் போடணும், இழுத்தா நீட்சி கம்மி. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல 304 கிரேடு கொஞ்சம் பலம் கூட, ஆனா உப்புத்தண்ணிக்கு 316 தான் தாங்கும். ஸ்டீலோட பிரச்சனை வயரை விட நுனிலதான் ஜாஸ்தி. ஸ்வேஜ் டெர்மினல்னா மெஷின்ல வச்சு நசுக்கி இறுக்குறது. கீழ் நுனில அது மேல பாத்து கிண்ணம் மாதிரி நிக்கும், உப்புத்தண்ணி வயர் வழியா இறங்கி உள்ளயே தங்கும், காத்து போகாத இடத்துல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உள்ளுக்குள்ளயே அரிக்க ஆரம்பிச்சிடும். வெளிய தெரியுறது வயர் நுழையுற வாய்கிட்ட ஒரு பழுப்புக் கறை, இல்லன்னா நீளவாக்குல மயிரிழை மாதிரி ஒரு விரிசல். லென்ஸ் வச்சுப் பாருங்க. விரிசல் இருந்தா அன்னைக்கே கழட்டிடுங்க.

ஸ்டா-லாக் மாதிரி மெக்கானிக்கல் டெர்மினல்ல இந்தத் தலைவலி ரொம்பக் கம்மி. வயரோட வெளி 12 இழையைப் பிரிச்சு, நடுவுல இருக்கிற 7 இழை மேல கூம்பை நுழைச்சு, வெளி இழைகளை மறுபடி சமமா பரத்தி, உள்ள சீலன்ட் நிரப்பி ரெண்டு ஸ்பேனர் வச்சு இறுக்கினா முடிஞ்சது. திறந்து பாக்கலாம், அடுத்த தடவை வயர் மாத்தும்போது கூம்பை மட்டும் புதுசா போட்டு அதே டெர்மினலை உபயோகிக்கலாம். விலை ஸ்வேஜை விட கூடத்தான். மேல் நுனில தண்ணி தங்காது, அதனால மேல ஸ்வேஜ், கீழ மெக்கானிக்கல்னு கலந்து போட்டா செலவு அடங்கும்.

எதைப் போட்டாலும், வயரோட கீழ் நுனியை படகோட இணைக்கிற உலோகப் பட்டையான செயின்பிளேட்டைக் கழட்டிப் பாக்காம புது வயரை இறுக்காதீங்க, டெக்குக்குள்ள மறைஞ்சிருக்கிற அந்த ரெண்டு மூணு அங்குலத்துலதான் அரிப்பு ஒளிஞ்சிருக்கும், பளபளன்னு புது வயர் போட்டும் அங்க புட்டுக்கிட்டா மரம் கீழதான்.

பாயை மேல ஏத்துற கயிறான ஹாலியார்டுக்கு மட்டும் யோசிக்காம டைனீமா போடலாம், இழுத்தா நீட்சி ரொம்பக் கம்மிங்கிறதால பாய் நல்லா விறைப்பா நிக்கும், சுமாரான ஓட்டத்துக்கு பாலியஸ்டரே போதும். முன்ன வயர் ஹாலியார்டு ஓடின படகுன்னா உச்சில இருக்கிற உருளையோட பள்ளம் ஒடுக்கமா, ஓரம் பிசிறடிச்சு இருக்கும், கயித்தை அறுத்துடும், அதையும் சேர்த்து மாத்துங்க. இதுக்காகவாவது மரத்தை இறக்கிட்டு வேலை பாக்கறது நல்லது, உச்சில இருக்கிற பின்னு, வயரை மரத்தோட இணைக்கிற டாங்கு எல்லாத்தையும் அப்போதான் கையில தொட்டுப் பாக்க முடியும்.