புதுக்கோட்டையா, திருவிதாங்கூரா, இங்கிலாந்தா: பழைய போலீஸ் வில்லைகள் ஓர் ஒப்பீடு

கலைந்துபோன போலீஸ் படைகளின் வில்லை (பேட்ஜ்), பெல்ட் பக்கிள், தொப்பி முத்திரை சேர்க்க ஆசைப்படும் மதுரைக்காரருக்கு மூன்று திசைகள் இருக்கின்றன. பக்கத்தில் புதுக்கோட்டை, தெற்கே திருவிதாங்கூர், அப்புறம் தபாலில் வரும் இங்கிலாந்து. என் வாக்கை முதலிலேயே போட்டுவிடுகிறேன்: கை பழக இங்கிலாந்து, மனசுக்குத் திருவிதாங்கூர். புதுக்கோட்டை கடைசியில்தான்.

ஊர்ப்பாசம் புதுக்கோட்டையைத்தான் இழுக்கும். ஆனால் 1948 மார்ச்சில் திருச்சி மாவட்டத்தோடு சேர்ந்துவிட்ட அந்தச் சமஸ்தானம் மொத்தமே ஏறத்தாழ 1,200 சதுர மைல். அங்கே எத்தனை போலீஸ்காரர் இருந்திருப்பார்கள்? அவர்கள் போட்டிருந்த பித்தளையில் எவ்வளவு எடைக்குப் போய் உருகியிருக்கும்? காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் தேடலாம், தப்பில்லை. ஒன்று அகப்பட்டால் அதை எதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என்பதுதான் தலைவலி.

திருவிதாங்கூர் பெரிய சமஸ்தானம். கொச்சியோடு இணைந்தது 1949 ஜூலை 1-இல். நாகர்கோவில் பக்கமெல்லாம் 1956 வரை அந்த ஆட்சிப்பரப்புதானே, பொருள் கிடைக்க வாய்ப்பும் அதிகம். ஆனால் சங்கைப் பார்த்ததும் போலீஸ் என்று முடிவுகட்டக் கூடாது. சங்கு அரசின் சின்னம். அஞ்சல் முதல் மற்ற துறைகளுக்கும் அதுதான். போலீஸ் என்ற எழுத்து இருக்க வேண்டும். சங்கோடு அசோகச் சிங்கமும் நின்றால் அது சமஸ்தானக் காலத்தது அல்ல.

இங்கிலாந்தில் ஊருக்கு ஊர் தனிப் போலீஸ் இருந்தது. 1947-இல் பல சிறுநகரப் படைகள் மாவட்டப் படைகளுக்குள் கரைந்தன. 1960-களின் கடைசியில் இன்னொரு பெரிய அலை. பிரைட்டன் நகரப் படை 1968-இல் சசெக்ஸோடு சேர்ந்தது. ஊர்ப்பெயர் வில்லையிலேயே இருக்கும், படை கலைந்த தேதியும் தெரியும். காலத்தை வில்லையில் உள்ள கிரீடம் சொல்லிவிடும்: வளைவுகள் மேல்நோக்கி உருண்டிருந்தால் 1901-க்குப் பிந்தைய அரசர் காலம், நடுவில் குழிந்திருந்தால் இரண்டாம் எலிசபெத் காலம். (அந்தக் குழிந்த கிரீடத்தோடு 'மெட்ராஸ் போலீஸ்' என்று யாராவது நீட்டினால் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடலாம். நாம் குடியரசானது 1950-இல், அவர் அரியணை ஏறியது 1952-இல்.)

போலியைப் பிடிக்கவும் இங்கிலாந்துச் சரக்குதான் நல்ல பாடம். அச்சில் அடித்த தகட்டின் பின்பக்கம், முன்னால் உள்ள மேடெல்லாம் பள்ளமாகத் தெளிவாகத் தெரியும். அசலை வைத்து அச்செடுத்து வார்த்த போலி மணல் பொரிந்தது போலிருக்கும். ஆறும்போது உலோகம் சுருங்குவதால் அளவும் சற்றே குறையும். சமஸ்தானப் பொருளில் இந்தச் சோதனை பாதிதான் உதவும், உள்ளூர்ப் பட்டறையில் வார்த்த அசலும் உண்டு என்பதால். தபால் செலவும் சுங்கமும் கடிக்கும், வேறு குறை இல்லை.

எதை வாங்கினாலும் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பளபளப்போடு எழுத்தும் போய்விடும். 100 வருடம் தாண்டியது 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வெளிநாட்டுச் சேகரிப்பாளரிடம் மாற்றிக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுபவர்கள் முதலில் வயதைப் பாருங்கள்.